ஃபேன்டஸி பேஸ்பாலில் கேட்சர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரிக்கெட் ஃபேன்டஸியில் ஊறியவர்கள் பேஸ்பாலுக்கு வந்ததும் முதலில் சறுக்குவது கேட்சர் விஷயத்தில்தான். பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து, பிட்சர் (பந்து எறிபவர்) எறியும் பந்தைப் பிடிப்பவர் இவர். விக்கெட் கீப்பர் மாதிரி இவரும் எல்லா ஆட்டத்திலும் இருப்பார் என்று நினைத்துவிடுகிறோம். அமெரிக்காவின் மேஜர் லீக்கில் ஓர் அணிக்கு 162 ஆட்டம். ஆறு மாதம், பெரும்பாலும் வாரத்துக்கு ஆறு நாள். அத்தனைக்கும் குந்தி எழ எந்த முழங்கால் தாங்கும்? முதல் கேட்சர் என்று பெயர் வாங்கியவரே 120 ஆட்டம் பந்து பிடித்தால் பெரிது. மற்ற நாள் இரண்டாம் கேட்சருக்கு.

அதனால் போன வருட ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) எண்ணிக்கையை மட்டும் பார்த்து டிராஃப்ட்டில், அதாவது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் சுற்றுகளில், பாய்வதுதான் தலையாய தவறு. 2025இல் சியாட்டில் மரினர்ஸின் கேல் ராலி 60 ஹோம் ரன் அடித்தார். கேட்சர்களில் அதற்கு முந்தைய சாதனை, 2021இல் கான்சஸ் சிட்டி ராயல்ஸின் சால்வடார் பெரெஸ் அடித்த 48. ராலி ஆடியது 159 ஆட்டம், பெரெஸ் 161. இரண்டு பேருமே கேட்சர் கவசம் மாட்டியது 120ஐ ஒட்டித்தான். மிச்ச நாளில் பெரும்பாலும் டி.எச்., அதாவது ஃபீல்டிங் கிடையாது, பேட்டிங் மட்டும். காலுக்கு ஓய்வு, மட்டைக்கு வேலை.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி இது: பந்து பிடிக்காத நாளில் இவரை அணி எங்கே உட்கார வைக்கும்? டாட்ஜர்ஸின் வில் ஸ்மித்தைப் பாருங்கள். 2025இல் சராசரி .296 (ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 296 ஹிட், அதாவது அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸை எட்டியது), கேட்சருக்கு அபாரம். ஆனால் அங்கே டி.எச். நாற்காலியில் ஷோஹேய் ஓட்டானி. அவரை யார் எழுப்புவது? ஸ்மித்துக்கு ஓய்வு என்றால் பெஞ்ச்தான். செப்டம்பரில் கையில் அடியும் பட, சீசன் 110 ஆட்டத்தோடு முடிந்தது.

அடுத்த தவறு, மோசமாக அடிக்கும் கேட்சரை அணி தூக்கிவிடும், நாம் எடுத்து வைத்த இளம் கேட்சருக்கு இடம் கிடைக்கும் என்று காத்திருப்பது. ஆஸ்டின் ஹெட்ஜஸின் மொத்த சராசரி .200ஐக் கூடத் தொடவில்லை. 2015இலிருந்து ஆடிக்கொண்டுதான் இருக்கிறார். விளிம்பில் விழும் பந்தை ஸ்ட்ரைக்காக (பேட்டருக்கு எதிராக எண்ணப்படும் பந்தாக) நடுவருக்குத் தோன்ற வைப்பது, பிட்சரைத் தேற்றுவது, இதற்கெல்லாம் ஃபேன்டஸியில் புள்ளி இல்லை. மேனேஜர் பார்ப்பது அதைத்தான். சில பிட்சர்களுக்கு ராசியான கேட்சர் வேறு உண்டு. 1990களில் அட்லான்டாவில் பிட்சர் கிரெக் மேடக்ஸ் எறியும் நாளில், நன்றாக அடிக்கும் ஹாவி லோபஸ் ஒதுங்க, எடி பெரெஸ்தான் பந்து பிடிப்பார்.

நான் பலமுறை சூடுபட்ட இடம் ஒன்று. இரவு ஆட்டம் முடிந்து மறுநாள் பகல் ஆட்டம் வந்தால், முதல் கேட்சர் அநேகமாக இருக்க மாட்டார். அமெரிக்கக் கிழக்குக் கரையில் மதியம் 1:10 என்றால் கோடையில் நமக்கு இரவு 10:40. ஆடும் வரிசை அதற்குச் சில மணி நேரம் முன்பே வந்துவிடும். சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று விட்டு, தூங்கிப்போய், காலையில் கேட்சர் கட்டத்தில் பூஜ்யத்தைப் பார்த்த திங்கட்கிழமைகள் எனக்கு நிறைய.

சராசரி விஷயத்தில் மட்டும் கணக்கு தலைகீழ். .210 அடிப்பவர் 300 முறை மட்டை பிடித்தால், .260 அடிப்பவரைவிட 15 ஹிட் குறைவு. அவரே 550 முறை பிடித்தால் 27 ஹிட்டுக்கு மேல் போய்விடும். சராசரிக்குப் புள்ளி தரும் லீக்கில், மட்டமான மட்டை அடிக்கடி ஆடுவது நமக்கு லாபமில்லை. ஹோம் ரன் அந்தப் பள்ளத்தை நிரப்புமா என்று பார்க்க வேண்டும்.

எத்தனை பேர் தேவை என்பதையும் மறக்கிறார்கள். 12 பேர் லீக்கில் ஆளுக்கொரு கேட்சர் என்றால், 30 அணிகளிலிருந்து 12 பேர் போதும். நடுத்தரமான ஒருவர் கடைசிச் சுற்றிலும் கிடைப்பார், அவசரப்பட வேண்டாம். 15 பேர், ஆளுக்கு இரண்டு கேட்சர் என்றால் 30 அணிகளின் முதல் கேட்சர்களும் காலி. அங்கே வாரத்துக்கு ஐந்து நாள் ஆடுபவரே பொக்கிஷம்.

காயத்துக்கு ஒதுக்கீடு வைக்காமல் இருக்காதீர்கள். 2013இல் தலையில் பட்ட அடிக்குப் பிறகு ஜோ மவர் கேட்சர் வேலையையே விட்டு, குந்த வேண்டாத ஃபீல்டிங் இடமான முதல் பேஸுக்குப் போனார். 2024இல் எதிரணி பேட்டர் சுழற்றிய மட்டை பட்டு கேட்சர் வில்சன் கான்ட்ரெராஸின் முன்கை முறிந்தது. அடுத்த வருடம் கார்டினல்ஸ் அவரையும் முதல் பேஸில் நிறுத்தியது. அந்த ஒரு சீசன் மட்டும் அவர் ஃபேன்டஸிக்காரர்களுக்கு லட்டு: முந்தைய வருடம் கேட்சராக ஆடிய கணக்கில் கேட்சர் கட்டத்தில் வைக்கலாம், முழங்கால் வலி கிடையாது. அதற்கடுத்த சீசனில் கேட்சர் தகுதி போய்விடும். எத்தனை ஆட்டம் பந்து பிடித்தால் தகுதி என்பது தளத்துக்குத் தளம் மாறும். ஓரிடத்தில் ஐந்து தொடக்கமே போதும், இன்னோரிடத்தில் முந்தைய வருடம் இருபது ஆட்டம் கேட்பார்கள். டிராஃப்ட்டுக்கு முதல் நாள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.