பத்திரிகை ஆசிரியர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது எப்படி? ஹோரஸ் கிரீலியை வைத்து ஒரு பயிற்சி

"பிறந்தார், பத்திரிகை தொடங்கினார், தேர்தலில் நின்றார், தோற்றார், இறந்தார்." முதன்முதலில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது நான் எழுதியது ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. தகவலில் பிழை இல்லை. ஆனால் அதற்குள் ஆளைத்தான் காணோம்.

புதிதாக எழுதுகிறவர்கள் கைபழக நான் பரிந்துரைப்பது ஹோரஸ் கிரீலியின் வாழ்க்கையை. நியூயார்க் டிரிப்யூன் நாளிதழைத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவர். 1872-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றவர். தன் கருத்தை நாள்தோறும் அச்சிலேற்றி வைத்த ஒருவர் பிறகு வாக்குக் கேட்டு வந்தால் என்ன ஆகும்? அதை இவர் வாழ்க்கை காட்டுகிற அளவுக்கு வேறெதுவும் காட்டி நான் பார்த்ததில்லை.

ஒரு நோட்டு, பென்சில், இணைய வசதி போதும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பழைய செய்தித்தாள்களைப் படமெடுத்து இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. டிரிப்யூன் இதழ்களும் அதில் உண்டு. எழுத்து பொடியாக இருக்கும், பெரிதாக்கிப் படியுங்கள்.

படி 1: பக்கத்தின் நடுவே ஒரு கோடு

இடப்பக்கத்துக்கு 'அச்சு', வலப்பக்கத்துக்கு 'பதவி' என்று தலைப்பிடுங்கள். இடப்பக்கம் எளிதாக நிரம்பும். 1826-இல், பதினைந்து வயதில், வெர்மான்ட் மாநிலத்தின் ஈஸ்ட் பௌல்ட்னி ஊரில் அச்சுக்கூடப் பயிற்சியாளர். 1831-இல் நியூயார்க். 1834-இல் 'நியூயார்க்கர்' என்ற வார இதழ் (இன்று அதே பெயரில் வரும் இதழ் வேறு, இடறி விழ வசதியான இடம் இது). 1841 ஏப்ரல் 10-இல் டிரிப்யூன், விலை ஒரு சென்ட். வலப்பக்கத்தில் 1848 டிசம்பர் முதல் 1849 மார்ச் வரை பிரதிநிதிகள் சபை உறுப்பினர், பிறகு 1872 தேர்தல்.

1840-இல், அன்றைய இரு பெரும் கட்சிகளில் ஒன்றான விக் கட்சியின் வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்காக அவர் நடத்திய தேர்தல் இதழை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்? கோட்டின் மேலேயே எழுதுங்கள். அந்தக் காலத்தில் பல பத்திரிகைகள் ஏதாவதொரு கட்சியின் குரலாகவே இயங்கின. எனவே "பத்திரிகையை விட்டு அரசியலுக்கு வந்தார்" என்ற வாக்கியம் உங்கள் கட்டுரையில் வரவே கூடாது. கோட்டின் மேல் விழும் செய்திகளைச் சிவப்பில் வட்டமிடுங்கள். கட்டுரை அவற்றிலிருந்துதான் வளரும்.

படி 2: கிடைக்காத பதவிகளையும் குறியுங்கள்

இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். நியூயார்க் அரசியலில் செனட்டர் வில்லியம் சியூவார்டு, கட்சித் தலைவரும் பத்திரிகையாளருமான தர்லோ வீட், கிரீலி மூவரும் நெடுங்காலம் கூட்டாளிகள். 1854-இல் ஆளுநர் தேர்தலில் நிற்க கிரீலி ஆசைப்பட்டார். கிடைக்கவில்லை. துணை ஆளுநர் வாய்ப்பு யாருக்குப் போனது தெரியுமா? முன்பு டிரிப்யூனில் அவரிடமே வேலை பார்த்து, பின்னர் எதிர்ப் பத்திரிகையான நியூயார்க் டைம்ஸைத் தொடங்கிய ஹென்றி ரேமண்டுக்கு. அந்த ஆண்டு நவம்பரில், இந்தக் கூட்டு இனி இல்லை என்று சியூவார்டுக்கு கிரீலி கடிதம் எழுதினார்.

இந்தக் கடிதத்திலிருந்து 1860-க்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். குடியரசுத் தலைவர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கச் சிகாகோவில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் முன்னணியில் இருந்தவர் சியூவார்டு. கிரீலி ஓரிகன் மாநிலப் பேராளராகப் போய் அவருக்கு எதிராக வேலை செய்தார். வேட்பாளரானவர் ஆபிரகாம் லிங்கன். கிரீலி முதலில் ஆதரித்தது வேறொருவரை என்பதால், "லிங்கனைக் கண்டெடுத்தவர்" என்று எழுதிவிடாதீர்கள்.

படி 3: இளமையைச் சுருக்குங்கள்

1811 பிப்ரவரி 3-இல், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஆம்ஹெர்ஸ்டில் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை கடனில் பண்ணையை இழந்தார். இரண்டு வரி போதும், ஆனால் கடன் அதில் இருக்க வேண்டும். நிலமில்லாதவர்களுக்கு மேற்கில் அரசு நிலம் தர வேண்டும் என்று பிற்காலத்தில் வாதாடியவர் இவர். "இளைஞனே, மேற்கே போ" என்ற வாசகத்தையும் எல்லாரும் இவர் பெயரில் சொல்வார்கள். அதை இவர்தான் முதலில் எழுதினார் என்பதற்குத் திடமான சான்று இல்லை. "அவர் பெயரில் வழங்குகிறது" என்பதோடு நில்லுங்கள்.

படி 4: ஒரு சம்பவத்தை எடுத்துக் கணக்குப் போடுங்கள்

"நேர்மையானவர்" என்று எழுதினால் யாரும் நம்ப வேண்டியதில்லை. கணக்கைக் காட்டுங்கள். சபையில் அவர் இருந்தது மூன்றே மாதம். அதற்குள், 1848 டிசம்பரில், சக உறுப்பினர்கள் வாங்கிய பயணப்படியைப் பெயர் பெயராக டிரிப்யூனில் வெளியிட்டார். மைலுக்கு 40 சென்ட், போகவும் வரவும். அஞ்சல் துறையின் குறுகிய வழியோடு ஒவ்வொருவர் காட்டிய தொலைவையும் ஒப்பிட்டார்.

பட்டியலில் இல்லினாயிலிருந்து வந்த லிங்கனும் இருந்தார். அவர் காட்டியது 1,626 மைல். குறுகிய வழி 780 மைல். வேறுபாடு 846. இருவழிக்கு 1,692. அதை 40 சென்டால் பெருக்கினால் 676 டாலர் 80 சென்ட். நீங்களே ஒருமுறை பெருக்கிப் பாருங்கள். எழுதும்போது கை நடுங்காது. சட்டம் "வழக்கமாகப் பயணிக்கும் வழி" என்றுதான் சொன்னது, குறுகிய வழி என்று சொல்லவில்லை. இதையும் சேர்த்தால்தான் நியாயம். சபையில் அவர்மீது எவ்வளவு எரிச்சல் மூண்டிருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்வார்.

படி 5: காரணம் சொல்லுமுன் தேதியைப் பாருங்கள்

1862 ஆகஸ்ட் 20-இல், உள்நாட்டுப் போரின் நடுவே, அடிமை ஒழிப்பில் லிங்கன் தயங்குகிறார் என்று கண்டித்து, "இரண்டு கோடிப் பேரின் வேண்டுதல்" என்ற திறந்த மடலைக் கிரீலி வெளியிட்டார். ஒன்றியத்தை, அதாவது அமெரிக்கா பிளவுபடாமல், காப்பதே தன் முதல் நோக்கம் என்று லிங்கன் 22-ஆம் தேதியிட்டுப் பதில் எழுதினார். அதை அவர் வெளியிடக் கொடுத்தது டிரிப்யூனுக்கு அல்ல, வாஷிங்டன் பத்திரிகை ஒன்றுக்கு! செப்டம்பர் 22-இல் அடிமைகளின் விடுதலைக்கான முன்னறிவிப்பு வந்தது.

மடல் எழுதினார், விடுதலை வந்தது என்று கோக்கக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். விடுதலை அறிவிப்பின் வரைவை லிங்கன் தன் அமைச்சரவையில் படித்துக் காட்டியது ஜூலை 22-இல், மடலுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு. முடிவெடுத்துவிட்டு வேளை பார்த்திருந்தவரிடம் போய்ச் சேர்ந்த மடல் அது. எனக்கு இந்த உண்மைதான் அந்தப் புனைவைவிடச் சுவையாகப் படுகிறது.

படி 6: அவர் அச்சை அவருக்கு எதிரே வையுங்கள்

இப்போது 1872. குடியரசுத் தலைவர் கிராண்டின் ஆட்சிமீது அதிருப்தி கொண்டு குடியரசுக் கட்சியிலிருந்து பிரிந்த லிபரல் ரிபப்ளிகன் அணி, மே மாதம் சின்சினாட்டியில் கிரீலியை வேட்பாளராக்கியது. ஜூலையில் ஜனநாயகக் கட்சியும் அவரையே ஏற்றது. பல்லாண்டுகளாகத் தலையங்கங்களில் அவர் வறுத்தெடுத்த அதே கட்சி. எதிரணி புதிதாக ஒன்றும் தேட வேண்டியிருக்கவில்லை. பழைய டிரிப்யூன் இதழ்களைப் புரட்டினால் போதும்.

வடக்கில் இன்னொரு கோபமும் ஆறாமல் இருந்தது. தோற்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் இரண்டாண்டு விசாரணையின்றிச் சிறையில் இருந்தார். 1867-இல் அவருடைய ஒரு லட்சம் டாலர் ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்களில் கிரீலியும் ஒருவர். விசாரியுங்கள், இல்லையேல் விடுங்கள் என்பது அவர் நிலை. ஹார்ப்பர்ஸ் வீக்லியில் தாமஸ் நாஸ்ட் வாரந்தோறும் கேலிச்சித்திரங்களால் அவரைக் குத்திக் கிழித்தார். அந்தச் சித்திரங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. நான்கைந்தையாவது பாருங்கள், சிரித்துவிட்டு அவை எவ்வளவு கொடூரம் என்பதையும் கவனியுங்கள்.

படி 7: கடைசிப் பத்தியில் உரிச்சொற்களைத் தூக்குங்கள்

இந்த வாழ்க்கையின் முடிவுக்கு உங்கள் கண்ணீர் தேவையில்லை. தேதிகளை வரிசையாக வைத்தாலே போதும். அக்டோபர் 30-இல் மனைவி மேரி இறந்தார். நவம்பர் 5-இல் தேர்தல். ஆறு மாநிலங்கள் மட்டும் கிரீலிக்கு. பத்திரிகையும் கைநழுவிக்கொண்டிருந்தது. நவம்பர் 29-இல் அவர் இறந்தார்.

மாநிலங்களின் சார்பில் குடியரசுத் தலைவரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழு இன்னும் வாக்களித்திருக்கவில்லை. அவருக்கு வர வேண்டிய 66 வாக்குகளில் 63 வேறு நால்வருக்குப் பிரிந்துபோயின. ஜார்ஜியாவின் மூன்று தேர்வாளர்கள் இறந்த கிரீலிக்கே வாக்களித்தார்கள். அந்த மூன்றையும் காங்கிரஸ் எண்ண மறுத்துவிட்டது.