தக்கை இல்லாத தூண்டில்: பாஸ் பிடிக்க எந்த நரம்பு, எப்படிச் சுற்றுவது?

டெக்சாஸுக்கு வந்த முதல் கோடையில், ஒரு பூங்காக் குளத்தின் கரையில் நின்று பாஸ் மீன்களிடம் ஏமாந்துகொண்டிருந்தேன். ரப்பர் புழுவை வீசுவேன். மூழ்கும். காத்திருப்பேன். சுற்றி எடுத்துப் பார்த்தால், புழு முள்ளின் கழுத்திலிருந்து கீழே இறங்கிச் சுருண்டு கிடக்கும். ஏதோ ஒன்று வாயில் வாங்கித் துப்பியிருக்கிறது. எப்போது என்பதுதான் தெரியாது. ஊரில் மூங்கில் கம்பும் மயிலிறகுத் தண்டில் செய்த தக்கையும் வைத்துக் கெண்டை பிடித்தவன் நான். தக்கை அமிழ்ந்தால் தூக்க வேண்டும், அவ்வளவுதான் தெரிந்த வித்தை. ரப்பர் புழு போடும் தூண்டிலில் தக்கை கிடையாது. தக்கையின் வேலையையும் நரம்பே பார்க்கிறது என்பது புரிய எனக்கு ஒரு பருவம் முழுவதும் ஆயிற்று.

எனவே இந்தப் பதிவில் பாதிக்கு மேல் நரம்பைப் பற்றித்தான். நூறு வகை இரைகளைப் பற்றிப் படிக்க வேறு இடங்கள் இருக்கின்றன.

உரிமத்தை முதலில் முடித்துவிடுவோம். டெக்சாஸில் 17 வயது நிறைந்தவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும். மாநிலப் பூங்காவுக்குள் கரையில் நின்று பிடிப்பதற்கு வேண்டியதில்லை. அங்கே ஒருநாள் முயன்று பார்த்துவிட்டுப் பிறகு வாங்கலாம். பொது விதிப்படி பெருவாய் பாஸ் 14 அங்குலமாவது இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம், நாளொன்றுக்கு ஐந்து. ஆனால் ஏரிக்கு ஏரி விதி மாறும். லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட மீனைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். போகிற ஏரியின் விதியைப் படித்துவிட்டுப் போங்கள்.

கம்பும் ரீலும்

7 அடி ஸ்பின்னிங் கம்பு, மீடியம் வலு, முனைப் பக்கம் மட்டும் வளையும் ஃபாஸ்ட் ஆக்‌ஷன். ரீல் 2500 அல்லது 3000 அளவு. இரண்டும் சேர்த்து 100 டாலருக்குள் வாங்குங்கள். பெயிட்காஸ்டர் என்னும் இன்னொரு வகை ரீலை விற்பனையாளர் எவ்வளவு புகழ்ந்தாலும் இரண்டாம் ஆண்டுக்கு ஒத்திப்போடுங்கள். அதில் நரம்பு சிக்கினால் குருவிக்கூடுதான். சிக்கெடுப்பதிலேயே பொழுது சாய்ந்துவிடும்.

மூன்று நரம்புகள்

மோனோ என்பது நம் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கும் நைலான் நரம்புதான். விலை குறைவு, முடிச்சு நன்றாகப் பிடிக்கும், ஏறக்குறைய மிதக்கும். ஆனால் இழுத்தால் நீளும். தூரத்தில் மீன் கடித்தால், அந்த அசைவைப் பாதி வழியிலேயே விழுங்கிவிடும். ரீலில் பல மாதங்கள் கிடந்தால் ஸ்பிரிங் போலச் சுருண்டே வெளியே வரும்.

ஃபுளூரோகார்பன் பார்வைக்கு மோனோ போலவே இருக்கும், குணம் வேறு. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, இதற்கு 1.42; நைலானுக்கு 1.5க்கு மேல். தண்ணீருக்கு நெருங்கிய எண் என்பதால் மீன் கண்ணுக்கு அதிகம் படாது. நன்றாக மூழ்கும், பாறையில் உரசினாலும் எளிதில் தேயாது. விறைப்பு அதிகம். சிறிய ஸ்பின்னிங் ரீல் முழுக்க இதைச் சுற்றினால் சுருள் சுருளாகத் துள்ளி விழும். சுற்றாதீர்கள்.

பின்னல் நரம்பு பாலிஎதிலீன் இழைகளால் முறுக்கமாகப் பின்னப்பட்டது. நீளவே நீளாது. தூரத்தில் ஒரு சிறு மீன் முட்டினாலும் கைக்குத் தெரியும். நான் வாங்கும் பெட்டியில் 20 என்றும், பக்கத்தில் சிறிதாக 6 என்றும் இரண்டு எண்கள் இருக்கும். தாங்குவது 20 பவுண்டு. தடிமன் 6 பவுண்டு மோனோ அளவுதான் என்று பொருள். மெல்லியதாக இருப்பதால் தூரம் போகும். குறை ஒன்று: தண்ணீரில் பளிச்சென்று தெரியும்.

என் தேர்வு: ரீலில் 20 பவுண்டு மஞ்சள் பின்னல், அதன் முனையில் மூன்று நான்கு அடிக்கு 10 பவுண்டு ஃபுளூரோகார்பன் லீடர், அதாவது முள்ளைக் கட்டுகிற முன்துண்டு. மஞ்சள்தான், பச்சை வேண்டாம். மீனிடமிருந்து மறைக்கிற வேலையை லீடர் பார்த்துக்கொள்ளும். மேலே உள்ள நரம்பு நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதுதான் நம் தக்கை. கடையில் நல்ல நோக்கத்தோடுதான் எனக்குப் பாசிப்பச்சை நரம்பைக் கொடுத்தார்கள். அதை நட்டநடுப் பகலிலும் என்னால் பார்க்க முடியவில்லை.

சுற்றுவது: நான் சறுக்கிய இடம்

இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

பின்னல் நரம்பை, ரீலில் நரம்பு ஏறி நிற்கும் பாகமான ஸ்பூலில் நேரடியாகக் கட்டிச் சுற்றினேன். அழகாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம், வாழ்நாளின் முதல் நல்ல பாஸ் மாட்டியது. கம்பு வளைகிறது, கைப்பிடியைச் சுற்றுகிறேன், நரம்பு வரவில்லை. மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்கான டிராக் தளர்வாக இருக்கிறது என்று நினைத்துத் திருகை இறுக்கினேன். வரவில்லை. இனித் திருக இடமில்லை என்கிற அளவுக்கு இறுக்கினேன். அப்போதும் கைப்பிடி வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. மீன் தண்ணீருக்கு மேலே ஒருமுறை எழும்பித் தலையை உதறி, முள்ளைத் துப்பிவிட்டுப் போயிற்று.

வீட்டுக்கு வந்து ரீலைக் கழற்றி, எண்ணெய் போட்டு, டிராக்கின் உள்ளே இருக்கும் வட்டத் துண்டுகளையெல்லாம் துடைத்தேன். பழுது அங்கே இல்லை. பாலிஎதிலீன் வழுவழுப்பானது, ஸ்பூலோ மெருகேற்றிய உலோகம். சுற்றிய நரம்பு முழுவதும் ஒரே வளையமாக, தளர்ந்த வளையல் மணிக்கட்டில் சுழல்வதுபோல ஸ்பூலின் மேல் சுழன்றிருக்கிறது. எவ்வளவு இறுக்கினாலும் டிராக் ஸ்பூலைத்தான் பிடிக்கும், நரம்பை அல்ல.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி, காதைத் தீட்டிக்கொள்வது. நரம்பின் முனையை வாசற்கதவுப் பிடியில் கட்டி, கம்பை வளைத்து இழுங்கள். டிராக் விட்டுக்கொடுத்தால் ஸ்பூல் சுழலும், கிர்ரென்று சத்தம் வரும். சத்தமே இல்லாமல், ஸ்பூல் அசையாமல், நரம்பு மட்டும் வந்தால் நழுவுகிறது என்று பொருள்.

தீர்வு மிகச் சாதாரணமானது. முதலில் பத்துப் பதினைந்து சுற்று மோனோ நரம்பைச் சுற்றி, அதோடு பின்னலை முடிந்து மேலே சுற்றுங்கள். மோனோ உலோகத்தைக் கவ்விக்கொள்ளும்.

இனி வரிசையாகச் சொல்கிறேன். முதலில் நரம்பைக் கம்பின் முதல் வளையம் வழியாகக் கொண்டுவந்து, பெயில் என்னும் வளைகம்பியைத் திறந்து, அதன் பிறகே ஸ்பூலில் கட்டுங்கள். மூடியபடி கட்டினால், கைப்பிடியைச் சுற்றும்போது நரம்பு ஏறாது. நரம்பு வந்த உருளையைத் தரையில் படுக்க வையுங்கள், பெயர் ஒட்டிய பக்கம் மேலே. பெயிலை மூடி, நரம்பை ஈரத்துணியால் விரலிடையே அழுத்திப் பிடித்துக்கொண்டு இருபது சுற்றுச் சுற்றுங்கள். நிறுத்தி, நரம்பைத் தளர விடுங்கள். முறுக்கிக்கொண்டு வளையம் வளையமாகத் துள்ளினால் உருளையைக் கவிழ்த்துப் போட்டுத் தொடருங்கள். ஸ்பூலின் விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் கீழே நிறுத்திவிடுங்கள். வாங்கியதை வீணாக்குவானேன் என்று விளிம்புவரை நிரப்பினால், அடுத்த வீச்சில் கொத்தாக வெளியே கொட்டும்.

டிராக்கை லீடரின் வலுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைக்காதீர்கள். 10 பவுண்டு லீடருக்கு 3 பவுண்டு. ஊருக்குப் போகும்போது பெட்டியை எடை பார்க்கிற கைத்தராசு நம்மில் பலர் வீட்டில் இருக்கும். அதன் கொக்கியில் நரம்பை மாட்டி இழுங்கள். மூன்று பவுண்டைத் தொடும்போது ஸ்பூல் சுழலத் தொடங்க வேண்டும். டெக்சாஸின் மிகப் பெரிய பாஸ், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் லேக் ஃபோர்க்கில் பேரி செயின்ட் கிளேர் பிடித்தது. அவர் அன்று போனது கிராப்பி என்ற சிறு மீனைப் பிடிக்க. கனமான கயிறும் இரும்புப் பிடியும்தான் பெரிய மீனுக்கு வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இரண்டு முடிச்சுகள் போதும்

பின்னலையும் லீடரையும் இணைக்க இரட்டை யூனி முடிச்சு. பின்னல் பக்கம் எட்டுச் சுற்று, லீடர் பக்கம் நான்கைந்து. மெல்லிய பின்னலுக்குச் சுற்று குறைந்தால் உருவிக்கொள்ளும். எஃப்ஜி முடிச்சு இதைவிட மெல்லியது, உறுதியானதும்கூட. ஆனால் காற்றடிக்கும் கரையில் நடுங்கும் விரல்களால் அதைப் போட்டுப் பாருங்கள், பிறகு பேசலாம்.

முள்ளுக்கு பாலோமர் முடிச்சு. நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் துளையில் நுழையுங்கள். அந்த மடிப்பால் ஒரு சாதாரண முடிச்சுப் போடுங்கள், இறுக்க வேண்டாம். மடிப்பு வளையத்துக்குள் முள் முழுவதையும் நுழைத்தெடுத்து இழுங்கள். இறுக்குவதற்கு முன் வாயில் வைத்து ஈரமாக்குங்கள். உலர்ந்தபடி இறுக்கினால் ஃபுளூரோகார்பன் உராய்வுச் சூட்டில் பழுதாகிவிடும். நல்ல மீன் வரும்போது அந்த இடத்தில்தான் அறும்.

புழுவை மாட்டுவது

ரப்பர் புழு ஓஹியோவில் 1949இல் நிக் கிரீம் என்பவரால் உருவானது. அவருடைய நிறுவனம் பிறகு டெக்சாஸின் டைலர் நகருக்கு வந்தது. அன்றிலிருந்து ஆயிரம் நிறங்கள் வந்துவிட்டன. எனக்கு ஐந்து அங்குலத்தில், குச்சி போன்ற சென்கோ வகைப் புழு, பச்சைப்பூசணி நிறத்தில், அது மட்டும் போதும்.

டெக்சாஸ் முறையில் மாட்டுவோம். 1/8 அவுன்ஸ் தோட்டா வடிவக் குண்டை, கூர்முனை கம்பைப் பார்க்கும்படி நரம்பில் கோத்து, கழுத்து மடிந்த 3/0 அளவு ஆஃப்செட் முள்ளைக் கட்டுங்கள். முள்முனையைப் புழுவின் தலையில் கால் அங்குலம் குத்தி, பக்கவாட்டில் வெளியே எடுத்து, முள்ளின் மடிந்த கழுத்துவரை புழுவை ஏற்றுங்கள். முள்ளைத் திருப்பி, புழுவின் பக்கத்தில் தொங்கவிட்டு, வளைவு எங்கே படுகிறது என்று நகத்தால் குறித்துக்கொண்டு அங்கே குத்துங்கள். முனை மறுபக்கத் தோலுக்குள் மறைந்திருந்தால் பாசியில் மாட்டாது. புழு குச்சி போல நேராக இருக்க வேண்டும். வளைந்திருந்தால் தண்ணீரில் பம்பரமாகச் சுழன்று, நீங்கள் பாடுபட்டுச் சுற்றிய நரம்பை முறுக்கிவிடும்.

வீசிய பிறகு

வட டெக்சாஸில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது பாஸ் முட்டையிடக் கரையோரம் வரும். அப்போது தூரமாக வீச வேண்டியதே இல்லை. கோடையில் விடிவதற்கு முன்னே போங்கள். வெயில் ஏறியதும் வீடு திரும்புங்கள்.

புழு விழுந்ததும் இழுக்காதீர்கள். நரம்பைச் சற்றே தளர்வாக வைத்து, அது தண்ணீரைத் தொடும் இடத்தையே பாருங்கள். பெரும்பாலான கடி, புழு இறங்கும்போதே வரும். முதல் வீச்சில் அது தரைதொட எவ்வளவு நேரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே பத்து என்றால், அடுத்த வீச்சில் ஆறிலேயே நரம்பு நின்றுபோனால் யாரோ வாங்கிக்கொண்டார்கள். மஞ்சள் கோடு சொடுக்கியதுபோல ஒரு துள்ளல் துள்ளலாம். சத்தமில்லாமல் பக்கவாட்டில் நகரலாம். தளர்வைச் சுற்றி எடுத்து, கம்பை உறுதியாக மேலே தூக்குங்கள். ஒன்றும் நடக்கவில்லையென்றால் கம்பு முனையை ஓரடி உயர்த்தி மறுபடி இறங்க விடுங்கள்.

கரைக்கு வந்த மீனைக் கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடிக்கலாம். உப்புத்தாள் போன்ற பற்கள்தான், வெட்டாது. பெரிய மீனுக்கு வயிற்றின் கீழும் ஒரு கை கொடுங்கள்.

பின்னர் சேர்த்தவை

ஒரு வாசகர், மோனோவுக்குப் பதில் டேப் ஒட்டியும் நழுவுகிறது என்று எழுதியிருந்தார். விசாரித்ததில் அவர் ஒட்டியது காகிதம் ஒட்டும் செலோடேப். தண்ணீர் பட்டால் அது உரிந்துவிடும். மின்கம்பிக்குச் சுற்றும் கருப்பு டேப் வேண்டும். ஸ்பூலில் ஏற்கெனவே ரப்பர் பட்டை இருந்தால் எதுவுமே வேண்டாம்.

இன்னும் இருவருக்கு, சரியாகச் சுற்றியும் நரம்பு முறுக்கிக்கொள்கிறதாம். வீசிய பின் பெயிலைக் கைப்பிடியைச் சுற்றி மூடுகிறார்கள். தெரிந்த விஷயம் என்று நான் எழுதாமல் விட்டது தவறு. கையால் மூடி, நரம்பை ஒருமுறை இழுத்து இறுக்கிவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள்.

மீன் முள்ளை ஆழமாக விழுங்கிவிட்டது, என்ன செய்வது என்று ஒரு கேள்வி. பிடுங்காதீர்கள், எளிதில் எடுக்க முடியாவிட்டால் நரம்பை முள்ளருகே வெட்டி விட்டுவிடுங்கள். வெட்டிய துண்டுகளைக் கரையில் போடாதீர்கள், பறவைக் கால்களில் சிக்கும்.

கடைசியாக ஒருவர், விடிவதற்கு முன் போகச் சொல்கிறீர்களே, இருட்டில் மஞ்சளாவது தெரியுமா என்று கேட்டிருந்தார். தெரியாது. நியாயமான கேள்வி. நான் அந்த அரை மணி நேரம், ரீலுக்கு முன்னால் நரம்பை ஆள்காட்டி விரலின் மேல் கிடத்திக்கொள்வேன். பின்னல் நீளாது என்பதால், மீன் புழுவை வாங்குவது விரல்நுனியில் ஒரு சுண்டலாகத் தெரியும்.