தரை சுத்தம், காற்று சுத்தமில்லை: வீட்டுப் பட்டறையில் மரத்தூசியும் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

கொஞ்ச காலமாக வார இறுதிகளில் மரவேலை கற்றுக்கொள்ளும் இளைஞர்கள் சிலரோடு பழகி வருகிறேன். ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம், கடல் தாண்டி பட்டர்வொர்த் என்று பினாங்கின் எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். பெரும்பாலும் தேரஸ் (சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை) வீட்டுக்காரர்கள். காரைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, போர்ச்சில் டேபிள் சாவையும் (மேசையில் பொருத்திய மின்ரம்பம்) சாண்டரையும் (மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் கருவி) வைத்து வேலை செய்கிறார்கள். கைவேலை நன்றாகவே வருகிறது. ஆனால் தூசி விஷயத்தில் மட்டும் அந்தக் காலத்தில் நான் செய்த அதே தவறுகளை வரிசையாகச் செய்கிறார்கள்.

முகமூடியே போடாமல் அறுப்பது, குவிந்த தூளை அள்ளாமல் விடுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அது தவறு என்று செய்கிறவருக்கே தெரியும். தூசிக்கு ஏற்பாடு செய்துவிட்டோம் என்று நம்பி, செலவும் செய்துவிட்டு, அதன்பிறகும் தூசியைச் சுவாசிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெரிவதைப் பிடித்ததும் நிம்மதி அடைவது

தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). காலடியில் குவியும் மரத்தூள் அதைவிடப் பெரியது. அது விழுந்த இடத்தில் கிடக்கும், பெருக்கினால் போய்விடும். நுரையீரலுக்குள் இறங்குவது 10 மைக்ரானுக்கும் குறைவான தூசி. 2.5 மைக்ரானுக்குக் கீழே போனால் நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை போய் உட்காரும். இதைக் கண்ணால் பார்க்க முடியாது. அது சீக்கிரம் விழுவதும் இல்லை. காற்றே அசையாத அறையில்கூட 10 மைக்ரான் துகள் மூக்கு உயரத்திலிருந்து தரைக்கு வர 8 நிமிடம் போல ஆகும். 2.5 மைக்ரான் துகளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நம் வீடுகளில் அசையாத காற்று ஏது?

இது வெறும் தும்மல் விவகாரம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 1995-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. முக்கியமாக மூக்கின் உட்பகுதியிலும் அதை ஒட்டிய எலும்பறைகளிலும் வரும் புற்றுநோய். ஆண்டுக்கணக்கில் தினமும் சுவாசிக்கிற தொழிலாளிக்கு இருக்கும் ஆபத்தும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை செய்கிறவருக்கு இருக்கும் ஆபத்தும் ஒன்றல்ல, அது சரி. ஆனால் தொழிற்சாலையில் பெரிய கூடமும் தூசி உறிஞ்சும் அமைப்பும் இருக்கும். நம்முடைய பட்டறை ஓர் அறை. அந்த அறைக்குப் பக்கத்திலேயே அடுப்படியும் இருக்கும், பிள்ளைகளும் இருப்பார்கள்.

துணிப்பை வைத்த டஸ்ட் கலெக்டரை அடைத்த அறையில் ஓட்டுவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இந்த ஒரு தவறைப் பார்த்துத்தான். இதில் பணமும் போகிறது, உடம்பும் கெடுகிறது, அதோடு "எல்லாம் சரியாகச் செய்துவிட்டேன்" என்ற நம்பிக்கையும் வந்துவிடுகிறது. அந்த நம்பிக்கைதான் பெரிய ஆபத்து. டஸ்ட் கலெக்டர் இல்லாதவர் பயந்துகொண்டாவது முகமூடி போடுகிறார். வாங்கியவர் கழற்றி வைத்துவிடுகிறார்.

அந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். நடுவில் ஒரு பெரிய விசிறி. அது குழாய் வழியாகத் தூளை இழுக்கிறது. கனமானவை கீழே பிளாஸ்டிக் பையில் விழுகின்றன. காற்று மேலே இருக்கும் துணிப்பை வழியாக வெளியே போகிறது. விலை குறைந்த மெஷினோடு வரும் அந்தத் துணி பெரும்பாலும் 30 மைக்ரான் வரைதான் பிடிக்கும். காப்பிக்கடையில் தொங்கும் காப்பித் துணி மாதிரிதான்: சக்கையை நிறுத்திக்கொள்ளும், சாயத்தை விட்டுவிடும். நம்மைக் கெடுக்கிற நுண்தூசி முழுக்க அந்தச் சாயம். அறுக்கும் இடத்தில் ஒரு மூலையில் இருந்திருக்க வேண்டியதை, இந்த மெஷின் இழுத்து, நம் தலை உயரத்தில் அறை முழுக்கச் சீராகப் பரப்பிவிடுகிறது.

ஜெலுத்தோங்கில் ஒரு தம்பி. தீபாவளிக்குள் அம்மாவுக்கு ஒரு சாமி மேடை செய்து தர வேண்டும் என்று நியாத்தோ மரப் பலகை வாங்கி வேலையைத் தொடங்கியிருந்தார். இரண்டு குதிரைத்திறன் டஸ்ட் கலெக்டர், புத்தம் புதிது. அக்கம்பக்கத்துக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று அடுப்படியை ஒட்டிய ஸ்டோர் அறையையே பட்டறையாக மாற்றி, ஜன்னலையும் அடைத்திருந்தார். "அண்ணே, தரையைப் பாருங்க, ஒரு தூள்கூட இல்ல" என்றார். உண்மைதான், தரை பளிச்சென்று இருந்தது. அவருடைய அம்மா மட்டும், "ஹால்ல இருக்குற சாமி படத்தையெல்லாம் தினமும் தொடைக்கிறேன்பா, மறுநாளே மாவு பூசுன மாதிரி ஆயிடுது" என்றார்.

அன்று இரவு விளக்கை அணைக்கச் சொன்னேன். டார்ச்சை அந்தத் துணிப்பைக்குப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு மெஷினைப் போடச் சொன்னேன். தொங்கிக்கொண்டிருந்த பை 'டப்' என்று உப்பியது. உப்பிய அந்த நொடியில் துணி முழுவதிலிருந்தும் புகை மாதிரி ஒன்று கிளம்பியது. தையல் ஓரத்தில் இன்னும் அடர்த்தி. டார்ச் வெளிச்சத்தில் அது மெல்லச் சுருண்டு, அடுப்படிக் கதவின் இடுக்கை நோக்கிப் போனது. தம்பி ஒன்றும் பேசவில்லை, மெஷினை அணைத்துவிட்டார். இந்தச் சோதனைக்கு ஒரு காசு செலவில்லை. உங்கள் பட்டறையில் இன்றைக்கே செய்து பாருங்கள்.

இதே மாதிரி மெஷினை நான் வாங்கியபோது, "பையைத் துவைத்துக்கொண்டே இருந்தால் போதும்" என்றுதான் கடையில் சொன்னார்கள். அதுவும் தவறான யோசனை. துணியின் உட்புறத்தில் தூசி படியப் படியத்தான் அதன் ஓட்டைகள் சிறிதாகி, வடிகட்டும் திறன் கொஞ்சம் கூடும். துவைத்தால் பழைய நிலைக்கே போய்விடும். துவைக்காமல் விட்டால் காற்று போக வழியில்லாமல் இழுவை குறையும். எப்படிப் பார்த்தாலும் அந்தத் துணி நுண்தூசிக்கு ஆகாது.

இதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் தீர்வு மிக எளிது, அதை விட்டுவிட்டுச் செலவு செய்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம். இணையத்தில் பார்க்கிற வீடியோக்கள் பெரும்பாலும் குளிர் நாட்டில் எடுத்தவை. அங்கே பட்டறைக் காற்றை வெளியே தள்ளினால், பணம் கொடுத்துச் சூடாக்கிய காற்றும் போய்விடும். அதனால் வடிகட்டி உள்ளேயே திருப்பி விடுகிறார்கள். அதற்குத்தான் அவ்வளவு விலை கொடுத்து ஃபில்டர் வாங்குகிறார்கள். பினாங்கில் நமக்கு அந்தக் கவலை எதற்கு? வருடம் முழுக்க ஒரே வெயில். மெஷினைச் சுவருக்கு வெளியே, பின் சந்துப் பக்கமாக, மழை படாத கூரைக்குக் கீழே வையுங்கள். சுவரில் ஓட்டை போட்டுக் குழாயை மட்டும் உள்ளே கொண்டு வாருங்கள். உறிஞ்சிய காற்று திரும்ப அறைக்குள் வரவே வராது.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, வெளியே தள்ளும் அளவுக்கு உள்ளே காற்று வர வேண்டும். எதிர்ப்பக்கக் கதவையோ ஜன்னலையோ திறந்து வைக்காவிட்டால் மெஷின் மூச்சுத் திணறும், இழுவை குறைந்துவிடும். இன்னொன்று, பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணி. தேரஸ் வீட்டில் எல்லாமே கைக்கெட்டும் தூரம். நம் தூசியைப் பக்கத்து வீட்டு மூக்குக்கு மாற்றிவிடுவது தீர்வு ஆகாது. அதனால் வெளியே வைத்தாலும் துணிப்பையை எடுத்துவிட்டு, ஒரு மைக்ரானோ அதற்கும் குறைவாகவோ பிடிக்கும் மடிப்புக் காகித ஃபில்டரை மாட்டுங்கள். முன்னால் ஒரு சைக்ளோன் (காற்றைச் சுழலவிட்டுத் தூளைப் பிரிக்கும் கலம்) வைத்தால் கனமான தூள் அங்கேயே சுழன்று விழுந்துவிடும், ஃபில்டர் சீக்கிரம் அடைக்காது. அடுக்குமாடியில் இருக்கிறவருக்கு வெளியே வைக்க இடமே கிடையாது. அவருக்கு இந்த ஃபில்டர் இல்லாமல் மெஷின் வாங்குவதே வீண்.

ஜெலுத்தோங் தம்பி கடைசியில் ஃபில்டரைத் தனியாக வாங்கினார், சுவரையும் உடைத்தார். முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் இரண்டு செலவு ஒரு செலவாகியிருக்கும்.

பெரிய மெஷினில் சின்னக் குழாய்

டஸ்ட் கலெக்டரும் வேக்கம் கிளீனரும் வேறு வேறு சாதி. வேக்கத்துக்கு இழுக்கும் அழுத்தம் அதிகம், நகர்த்தும் காற்று குறைவு. சாண்டர் மாதிரி சின்ன வாய் உள்ள கருவிக்கு அது பொருத்தம். டஸ்ட் கலெக்டருக்கு அழுத்தம் குறைவு, ஆனால் ஏராளமான காற்றை நகர்த்தும். அதற்கு அகலமான வழி வேண்டும். கையில் கிடைத்த வேக்கம் ஹோஸை ஒரு ரெடியூசர் (பெரிய வாயைச் சின்னக் குழாயோடு இணைக்கும் துண்டு) போட்டு அதில் மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்று விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 செ.மீ. குழாயில் மணிக்குச் சுமார் 1,270 கன மீட்டர் காற்று போகும். 10 செ.மீ. குழாயில் 565. இரண்டரை அங்குல வேக்கம் ஹோஸில் 225 போலத்தான். டேபிள் சாவுக்கு இது எந்த மூலைக்கு? பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலும் குழாயும் பையும் இல்லாமல் அளந்த எண் அது. நெளிநெளியான ஹோஸ் எவ்வளவு நீளமோ அவ்வளவு நஷ்டம். முடிந்தவரை வழவழப்பான பி.வி.சி. குழாய், கடைசி ஒரு மீட்டருக்கு மட்டும் ஹோஸ்.

கீழே பிடித்துவிட்டு மேலே விடுவது

டேபிள் சா பிளேடு தூளில் ஒரு பங்கை மேசைக்கு மேலே, நேராக உங்கள் முகத்தை நோக்கி எறிகிறது. பிளேடை மூடும் பாதுகாப்பு மறைப்புக்கு மேலேயும் ஒரு உறிஞ்சு குழாய் வேண்டும்.

மெஷின் நின்றதும் முகமூடியைக் கழற்றுவது

2015-லும் 2019-லும் புகைமூட்டம் வந்து பள்ளிக்கூடங்களை மூடியபோது, என்95 முகமூடியை எப்படிப் போடுவது என்று நம் ஊரில் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். அதே ஆட்கள் பட்டறையில் சாண்டரை அணைத்த மறுகணம் முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு, குனிந்து, வேலை எப்படி வந்திருக்கிறது என்று ஊதிப் பார்க்கிறார்கள். காற்றில் தூசி மிக அதிகமாக இருப்பது அந்த நேரத்தில்தான். சாண்டிங் முடிந்தால் முகமூடியோடே வெளியே வாருங்கள். திரும்பிப் போகும்போதும் போட்டுக்கொண்டு போங்கள். தாடி இருந்தால் என்95 ஓரத்தில் ஒட்டாது, காற்று அந்த இடுக்கு வழியாகத்தான் போகும். நம் புழுக்கத்தில் காகித முகமூடி வியர்வையில் தொய்ந்துவிடுகிறது. அடிக்கடி வேலை செய்கிறவர், ஃபில்டரை மாற்றிக்கொள்ளக்கூடிய ரப்பர் பாதி முகமூடி வாங்கிவிடுவது நல்லது.

புகைமூட்டக் காலத்தில் வாங்கிய பி.எம். 2.5 மீட்டர் (காற்றில் உள்ள நுண்தூசியை அளக்கும் கருவி) வீட்டில் இருந்தால் பட்டறையில் வையுங்கள். மரத்தூசிக்கு அந்த எண் துல்லியமாக இருக்காது. ஆனால் வேலை தொடங்கும் முன் என்ன காட்டியது, மறுபடி அந்த அளவுக்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால் போதும். முகமூடியை எப்போது கழற்றலாம் என்று அதுவே சொல்லிவிடும்.

சீலிங் ஃபேன்

சாண்டிங் நடக்கும்போது அணைத்து வையுங்கள்.

ஏர்கண்டிஷன் போட்ட அறையில் சாண்டிங்

வீட்டு ஏர்கண்டிஷன் வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை, இருக்கிற காற்றையே சுற்றிவிடுகிறது. உங்களுக்கு மூச்சு முட்டும், ஏர்கண்டிஷனுக்குள் இருக்கும் குளிர்விக்கும் குழாய்ச்சுருளிலும் தூசி அடைத்துக்கொள்ளும்.

கம்ப்ரஸரால் ஊதிச் சுத்தம் செய்வது

வேண்டாம்.

எல்லா மரத்தூசியும் ஒன்று என்று நினைப்பது

நியாத்தோ தூசி பலருக்குக் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். தேக்கு சிலருக்குத் தோலில் தடிப்பு கிளப்பும். எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) அறுத்தால் வருவது மாவு மாதிரி மிக நுண்ணிய தூசி, பலகையை ஒட்டிய பசையில் ஃபார்மால்டிஹைடும் உண்டு. அதை ரௌட்டரில் (மரத்தில் பள்ளமும் ஓர வடிவமும் குடையும் கருவி) போட்டால் நல்ல உறிஞ்சுதல் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது.

ஆனால் இங்கே எனக்கு மிகவும் கவலை தருவது பழைய கதவுகள். ஜார்ஜ் டவுன் 2008-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு, பழைய கடைவீடுகளின் கதவு, ஜன்னல் பலகை என்றாலே எல்லாருக்கும் ஆசை. கெட்டியான மரம், அழகான வேலைப்பாடு, ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அந்தக் காலத்துப் பச்சை, நீல எண்ணெய்ப் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்தபடியே சாண்டர் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூசி வீடு முழுக்கப் படியும். தரையில் தவழும் குழந்தைக்குக் கைவிரல் வழியாக அது வயிற்றுக்குள் போய்விடும். குழந்தையின் மூளை வளர்ச்சியையே ஈயம் பாதிக்கிறது. பழைய பெயின்டைக் கரைக்கும் மருந்து தடவி, ஈரத்தோடு சுரண்டி எடுங்கள். சுரண்டியதைப் பையில் கட்டி ஒதுக்குங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அந்த வேலையை வீட்டில் செய்யவே வேண்டாம்.

அறைக்காற்றுச் சுத்திகரிப்பானை முதலில் வாங்குவது

கூரையில் தொங்கும் அந்தப் பெட்டி, குழாயில் தப்பித்த தூசிக்கு மட்டும். அது தூசியைப் பிடிப்பதற்குள் நீங்கள் பலமுறை சுவாசித்திருப்பீர்கள். முதல் செலவு தூசி பிறக்கும் இடத்தில்.

பையைக் காலி செய்யும் நேரம்

ஒரு நாள் முழுக்கப் பிடித்த தூசியையும் ஒரே நிமிடத்தில் முகத்தில் வாங்கிக்கொள்வது இப்போதுதான். முகமூடியோடு, வெளியே, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, பையின் வாயைக் கட்டி முழுப் பையாகவே தூக்கிப் போடுங்கள். இன்னொரு பைக்குள் கொட்டாதீர்கள். பழைய வார்னிஷைச் சாண்டரால் தேய்த்த தூசி பையில் குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், அதனால் இரவுக்கு வைக்க வேண்டாம். இரும்பு கிரைண்ட் பண்ணிய பொறி அந்தப் பக்கமே வரக் கூடாது. முடிந்ததும் சட்டையை வேக்கத்தால் இழுத்துவிட்டு, போர்ச்சிலேயே கழற்றிவிட்டு உள்ளே போங்கள்.