உப்புத் தண்ணீர் ஊரில் பள்ளித் தோட்டம் போடுவது எப்படி?

எங்கள் பள்ளியில் முதல் வருடம் ஆடி மாதமே விதைத்துவிட்டோம். ஊற்றியது போர்த் தண்ணீர். கீரை முளைத்தது, இரண்டே வாரத்தில் இலை ஓரமெல்லாம் கருகியது. பாத்தி மேல் மாவு தூவினாற்போல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, “டீச்சர், உப்பு!” என்றாள். ராமநாதபுரம் கரையில் தோட்டம் போடுகிறவர்கள் விதையை வாங்கும் முன் தண்ணீரைச் சோதியுங்கள்.

தண்ணீர்ச் சோதனை. இரண்டு கொட்டாங்கச்சியில் மணல் நிரப்பி, ஒவ்வொன்றிலும் 10 பாசிப்பயறு ஊன்றச் சொல்லுங்கள். ஒன்றுக்குப் போர்த் தண்ணீர், இன்னொன்றுக்குக் குடிதண்ணீர். பிள்ளைகள் தினமும் எண்ணி நோட்டில் எழுதட்டும். பத்து நாளில் தெரிந்துவிடும். போர்த் தண்ணீரில் பாதிதான் முளைத்தது, அல்லது முளைத்தும் குட்டையாக நிற்கிறது என்றால், அதை வேம்பு, பூவரசு, புங்கன் மரங்களுக்கு மட்டும் விடுங்கள்.

நல்ல தண்ணீருக்கு வழி. சாப்பிட்ட தட்டைச் சோப்பில்லாமல் அலசும் முதல் தண்ணீரை முருங்கைக்குத் திருப்பலாம். மீதிக்குக் கூரைதான் துணை. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் கூரைக்கு 20 மில்லிமீட்டர் மழை என்றால் எவ்வளவு என்று ஐந்தாம் வகுப்பிடம் கேளுங்கள். ஆயிரம் லிட்டர் என்று விடை வந்ததும் தொட்டி எங்கே வைப்பது என்று அவர்களே இடம் தேடுவார்கள்.

எப்போது? ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் கரைக்குப் பொருந்தாது. ஆடியில் இங்கே கச்சான் என்னும் வறண்ட மேல்காற்றுதான் அடிக்கும். பள்ளி திறந்ததும் குப்பைக்குழி போடுங்கள், சருகும் காய்கறிக் கழிவும் மட்கட்டும். புரட்டாசிக் கடைசியில் விதையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

பாத்தி. அகலம் 3 அடிக்கு மேல் வேண்டாம், சின்னக் கை நடுவரை எட்ட வேண்டும். ஓரடி தோண்டி, ஊறவைத்த தேங்காய் மட்டையை அடியில் நெருக்கமாக அடுக்குங்கள். மணலில் ஓடிவிடும் தண்ணீரை மட்டை பிடித்து வைக்கும். மேலே மண்ணும் மட்கிய குப்பையும் சரிபாதி. விதைத்து நாற்று எழும்பியதும் சருகு மூடாக்கு கட்டாயம். வெயில் ஈரத்தை உறிஞ்சும்போதுதான் உப்பு மேலே பூக்கிறது. காற்று வரும் பக்கம் பனை ஓலைத் தட்டி கட்டுங்கள், ஆடும் உள்ளே வராது. கருக்கு மட்டை வெட்டுவது பெரியவர்கள் வேலை.

கரையில் ஒதுங்கும் பாசியைப் பச்சையாகப் போடாதீர்கள், உப்பு சேரும். குவித்து ஒரு மழைக்காலம் நனையவிட்டு, அப்புறம் குழியில் சேருங்கள்.

என்ன நடலாம்? தண்டுக்கீரை, கொத்தவரை, வெண்டை, முருங்கை. கூடவே நம் முண்டு மிளகாய். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது. வீட்டில் மிளகாய் போடும் தாத்தா பாட்டி இருந்தால் ஒருநாள் வகுப்புக்கு வரச் சொல்லுங்கள், என்னைவிட அவர்கள் நன்றாகச் சொல்லித் தருவார்கள்.

அறுவடை. முதல் கட்டுக் கீரை சத்துணவுக் கூடத்துக்குப் போகட்டும், எடையைப் பிள்ளைகளே போடட்டும். கோடை விடுமுறையில் பாத்திகளைத் தொடர வேண்டாம், முருங்கைக்கு மட்டும் ஆள் பேசி வையுங்கள். விடுமுறைக்கு முன்பே நன்கு பழுத்த நாலைந்து மிளகாயைக் காயவைத்து, விதையை எடுத்துச் சாம்பலில் புரட்டி டப்பாவில் மூடி, மேலே அந்த வகுப்பின் பெயரை எழுதி வையுங்கள்.