பூனைக்குட்டியின் நிறத்தையும் வரிகளையும் பார்த்துப் பெயரிடும் முறை

ஓர் ஈற்றில் பிறந்த குட்டிகளே ஒன்றைப்போல் ஒன்று இல்லாதிருக்கும்போது, ஒவ்வொன்றின் நிறத்தையும் எப்படிக் குறிப்பிடுவது என்ற குழப்பம் புதியவர்களுக்கு வருவது இயல்பே. நிறம், வரி, வெள்ளை ஆகிய மூன்றையும் ஒரே பார்வையில் கலந்து பார்ப்பதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். இவை வெவ்வேறு மரபணுக்களால் முடிவாகின்றன என்பதால், ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்து முடிவு செய்து, பிறகு சேர்த்து எழுதினால் போதும். குட்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் விளக்கொளியில் சாம்பல்கூடப் பழுப்பாகத் தெரியும்.

முதல் படி: வெள்ளையை ஒதுக்குங்கள்

வெள்ளை என்பது நிறமி இல்லாத இடம். கருவளர்ச்சியின்போது நிறமிச் செல்கள் முதுகுப்புறத்திலிருந்து உடலெங்கும் பரவுகின்றன. அவை சென்று நிலைக்காத இடங்கள் வெண்மையாக நின்றுவிடுகின்றன. பாதங்களும் மார்பும் வயிறும் முதலில் வெளுப்பது இதனால்தான். உடலில் ஏறத்தாழப் பாதி வெள்ளையானால் இருநிறம் என்றும், தலையிலும் வாலிலும் மட்டும் நிறம் எஞ்சியிருந்தால் வேன் என்றும் குறித்துக்கொண்டு, வெள்ளையை மறந்துவிட்டு மற்ற இடங்களைப் பாருங்கள். முழுவெள்ளைக் குட்டியில் உண்மை நிறம் மறைந்திருக்கும். சிலவற்றின் உச்சந்தலையில் சிறு நிறப்பொட்டு ஒன்று தெரியும், அதுவும் வளர வளர மறைந்துவிடும்.

இரண்டாம் படி: அடிப்படை நிறத்தைக் கண்டறியுங்கள்

பூனையின் உடலில் இருப்பவை இரண்டே நிறமிகள்: கறுப்பும் செம்மஞ்சளும். கறுப்பு, மரபணு மாற்றத்தால் சாக்லேட் பழுப்பாகவோ, அதைவிட வெளிறிய இலவங்கப்பட்டை நிறமாகவோ மாறலாம். நீர்ப்பு மரபணு தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் சேர்ந்து வந்தால், கறுப்பு சாம்பலாகவும் செம்மஞ்சள் கிரீம் நிறமாகவும் வெளிறும். அந்தச் சாம்பலைத்தான் பூனை வளர்ப்போர் ‘ப்ளூ’ என்கிறார்கள். நீலத்தைத் தேடி ஏமாற வேண்டாம். ஐயம் வந்தால் பாதத்தின் அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். வரியில்லாத கறுப்புக் குட்டிக்கு அது கறுப்பாகவும், செம்மஞ்சள் குட்டிக்கு இளஞ்சிவப்பாகவும் இருக்கும்.

இரண்டு நிறமிகளும் ஒரே குட்டியில் கலந்திருந்தால் அது டார்ட்டி, அதாவது ஆமையோட்டு நிறம். செம்மஞ்சளுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண் குட்டிக்கு இரண்டு எக்ஸ் உண்டு; டார்ட்டியில் அவற்றில் ஒன்றில் மட்டுமே அந்த மரபணு இருக்கும். கரு வளரும் தொடக்கத்திலேயே ஒவ்வொரு செல்லும் அவற்றில் ஒன்றை அணைத்துவிடுவதால், ஓரிடத்தில் கறுப்பும் பக்கத்திலேயே செம்மஞ்சளும் தோன்றுகின்றன. மரபியலாளர் மேரி லயன் 1961-இல் முன்வைத்த இந்த விளக்கத்தை இவ்வளவு அழகாகக் கண்முன் காட்டும் உயிர் வேறில்லை என்பது என் எண்ணம். ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால் டார்ட்டிகள் ஏறக்குறைய எல்லாமே பெண்கள். அரிதாகப் பிறக்கும் ஆண் டார்ட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கூடுதலாக ஓர் எக்ஸ் இருக்கும். டார்ட்டியோடு வெள்ளையும் சேர்ந்தால் காலிகோ. வெள்ளை கூடக் கூட நிறத் திட்டுகளும் பெரிதாகிக்கொண்டே போவதைக் காணலாம்.

மூன்றாம் படி: வரிகளைப் பாருங்கள்

நெற்றியில் ஆங்கில ‘எம்’ எழுத்தைப் போன்ற குறி இருந்து, வரிகளுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு மயிரிலும் வெளிர்ப்பட்டையும் கரும்பட்டையும் மாறி மாறி இருந்தால் அது டேபி. முதுகிலிருந்து மீன்முள்போல் மெல்லிய கோடுகள் இறங்கினால் மேக்கரெல். விலாவில் தடித்த சுழி இருந்தால் கிளாசிக். கோடுகள் உடைந்து புள்ளிகளானால் ஸ்பாட்டட். உடலில் வரியே இன்றிப் பொடி தூவியதுபோல் இருந்தால் டிக்டு.

இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். கறுப்புக் குட்டியின் மேல் மங்கலாகத் தெரியும் நிழல்வரிகள் வளர்ந்ததும் மறைந்துவிடும் என்பதால், அதை டேபி என்று எழுதிவிடக் கூடாது. மாறாக, வரிகளை மறைக்கும் மரபணு செம்மஞ்சள் நிறமியிடம் செல்லுபடியாகாது. ஆகவே செம்மஞ்சள் பூனையில் ஏறக்குறைய எப்போதும் வரி தெரியும்.

பெயரை எழுதுதல்

நிறம், வரி, வெள்ளை என்ற வரிசையில் எழுதுங்கள். சாம்பல் நிறம், மீன்முள் கோடுகள், வெண்பாதங்கள் கொண்ட குட்டி ‘ப்ளூ மேக்கரெல் டேபி, வெள்ளையுடன்’ ஆகும். டேபியும் காலிகோவும் இனப்பெயர்கள் அல்ல. பல இனங்களிலும் எந்த இனத்தையும் சேராத பூனைகளிலும் அவை உண்டு.

வளரும்போது மாறும் குட்டிகள்

சயாமீஸ் வகையின் நிறமி நொதி குளிர்ந்த பகுதிகளில்தான் வேலை செய்யும். கருப்பையின் வெப்பத்தில் வளர்ந்த அக்குட்டிகள் ஏறக்குறைய வெள்ளையாகப் பிறந்து, அடுத்த வாரங்களில் காது, மூக்கு, பாதம், வால் கறுக்கத் தொடங்கும். கண்ணின் நீலத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். எல்லாக் குட்டிகளுக்கும் முதலில் கண் நீலமாகவே இருக்கும். தாய்க்குச் சினைக்காலத்தில் காய்ச்சலோ கடும் அழுத்தமோ இருந்திருந்தால், குட்டி வெள்ளிச்சாம்பல் பூச்சோடு பிறக்கலாம். சில மாதங்களில் அது உதிர்ந்து உண்மை நிறம் வெளிப்படும். கறுப்பென்று எழுதிய குட்டியின் மயிரை மூன்றாம் மாதத்தில் விலக்கிப் பாருங்கள். வேர்ப்பகுதி வெள்ளையாக இருந்தால் அது ஸ்மோக். குறிப்பேட்டில் பெயரை மாற்றி, பார்த்த தேதியையும் அருகில் எழுதுங்கள்.