நொய்டார்ட் மலைகளில் ஒரு வார இறுதி: மலைநடைக் கழகங்களுக்கான வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், லோக் நெவிஸ், லோக் ஹோர்ன் என்னும் இரு நீண்ட குடாக்களுக்கு இடையே அமைந்துள்ள நொய்டார்ட் தீபகற்பத்தை வெளியுலகச் சாலைகள் எட்டுவதில்லை. அங்குள்ள இன்வெரி என்ற சிற்றூரை அடைய மலேக் துறைமுகத்திலிருந்து படகில் செல்ல வேண்டும். இல்லையேல் கின்லோக் ஹோர்னில் சாலை முடியும் இடத்திலிருந்து மலைப்பாதையில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆகவே இந்தப் பயணத்தைத் திட்டமிடுபவர் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது மலையின் வரைபடத்தை அன்று, படகின் அட்டவணையை. திரும்பும் படகின் நேரத்தை முதலில் உறுதி செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு மற்ற எல்லாவற்றையும் அமைப்பதே இவ்விடத்துக்குப் பொருந்தும் முறை.

கிளாஸ்கோவின் குயின் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து ஃபோர்ட் வில்லியம் வழியாக மலேக் வரை செல்லும் ரயில் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். படகுப் பயணம் அரை மணி நேரம் அளவில் முடிந்துவிடும். படகுகள் சிறியவை என்பதால் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு முன்கூட்டியே இடம் பதிவு செய்ய வேண்டும். அட்டவணை பருவத்துக்கும் கிழமைக்கும் ஏற்ப மாறுவதோடு, காற்று மிகுந்தால் படகு ஓடாமலும் போகலாம். திங்கட்கிழமை காலையில் வேலைக்குச் சென்றே ஆக வேண்டியவர்களிடம் இதைப் பெயர் சேர்க்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. படகுத்துறையில் நின்றுகொண்டு சொல்வதில் பயனில்லை.

இங்கே 3,000 அடிக்கு, அதாவது 914.4 மீட்டருக்கு மேல் உயர்ந்து, ஸ்காட்லாந்தில் மன்றோ என்று பட்டியலிடப்படும் சிகரங்கள் மூன்று உள்ளன: 1,020 மீட்டர் உயரமுள்ள லார்வென், 946 மீட்டர் உயரமுள்ள மியால் பூயா, 939 மீட்டர் உயரமுள்ள லூன்யா வென். எண்களைப் பார்த்து இவற்றை எளியவை என்று எண்ணிவிடக் கூடாது. கடலிலிருந்து தள்ளி உட்பகுதியில் உள்ள மலைகள் பலவற்றில் வாகனம் நிற்கும் இடமே 300, 400 மீட்டர் உயரத்தில் இருக்கும். இங்கோ கடல்மட்டத்தில் காலை எடுத்து வைத்து முழு உயரத்தையும் ஏற வேண்டும்.

நேரத்தைக் கணக்கிட, ஸ்காட்லாந்து மலையேறுநர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த விதி இன்றும் நல்ல தொடக்கம்: ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 20 கிலோமீட்டர் தூரமும் 1,200 மீட்டர் ஏற்றமும் கொண்ட நாளுக்கு இது ஆறு மணி நேரம் என்று விடை தரும். ஆனால் அந்த விதி ஓய்வையோ, சேறும் புல்திட்டும் நிறைந்த பாதையற்ற நிலத்தையோ, ஒருவர் காலணிக் கயிற்றைக் கட்டும்போது மற்ற பதினொரு பேரும் நின்றுவிடுவதையோ கணக்கில் கொள்வதில்லை. குழுவாகச் செல்லும்போது அதில் பாதியைக் கூட்டி ஒன்பது மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நேர்மையான மதிப்பீடு. இன்வெரியிலிருந்து லார்வென் சென்று திரும்ப ஒரு முழு நாள் வேண்டும்.

ஆதலால் பெரிய மலை சனிக்கிழமைக்கே உரியது. சனிக்கிழமை மழையில் வீணாகி ஞாயிறு தெளிவாக விடிந்தால், அன்று சிகரத்துக்குப் போய்விடலாம் என்று குழுவில் யாரேனும் கட்டாயம் சொல்வார்கள். மாலைப் படகு இருந்து, திரும்பும் நேரத்துக்கும் படகுக்கும் இடையே மூன்று மணி நேரமாவது மிச்சம் இருந்தால் அன்றி அதற்கு இணங்கக் கூடாது. படகைப் பிடிக்கும் அவசரத்தில் இறங்கும் களைத்த குழுவில்தான் கணுக்கால்கள் பிசகுகின்றன. ஞாயிற்றுக்கிழமைக்குக் கரையோரப் பாதையோ இன்வெரிக்கு அருகிலுள்ள பள்ளத்தாக்கோ போதும். அவையும் பார்க்கத் தகுந்தவையே.

மேற்கு ஹைலண்ட்ஸ் மலைகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் பகுதிகள் உண்டு. அந்த நீர் செங்குத்தான சரிவுகளில் வழிந்து விரைவில் ஆற்றை அடைவதால், காலையில் கற்களின் மேல் தாண்டிய ஓடை மாலையில் தாண்ட முடியாத வெள்ளமாகியிருக்கலாம். மழை நின்ற சில மணி நேரத்தில் அது மறுபடி வடிந்தும் விடலாம். எனவே திட்டமிடும்போதே வரைபடத்தில் பாலங்களைக் குறித்துக்கொண்டு, திரும்பும் வழி பாலமில்லாத ஓடை எதையும் நம்பியிராதபடி அமைக்க வேண்டும். முழங்காலுக்கு மேல் நீர் விரைந்து ஓடினால் இறங்கக் கூடாது. காத்திருக்க வேண்டும், அல்லது சுற்றிச் செல்ல வேண்டும். இறங்க நேர்ந்தால் காலணியைக் கழற்றாமல், முதுகுப்பையின் இடுப்பு வாரையும் மார்பு வாரையும் அவிழ்த்துவிட்டு, நீர் வரும் திசையை நோக்கியபடி பக்கவாட்டில் நகர வேண்டும்.

கடலும் பாதையை மறிக்கும். லோக் நெவிஸின் தலைப்பகுதியில் உள்ள சௌர்லீஸ் குடிலிலிருந்து கார்னக் ஆற்றை நோக்கிச் செல்பவர்கள், நீர் வற்றிய நேரத்தில் கரையோரமாகவே நடந்துவிடலாம். ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறியிருந்தால் பாறை மேட்டின் மீதேறிச் சுற்ற வேண்டும். ஓதம் நாளுக்கு ஏறத்தாழ இரு முறை ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் மிகுதியாக ஏறும். ஓத அட்டவணையின் நகல் ஒன்று தலைவரின் வரைபட உறைக்குள் இருக்கட்டும்.

சௌர்லீஸ் போன்ற பூட்டப்படாத கற்குடில்கள் போத்தி எனப்படுகின்றன. 1965-இல் தொடங்கப்பட்ட மவுண்டன் போத்திஸ் அசோசியேஷன் இத்தகைய குடில்கள் நூறளவுக்குப் பராமரித்து வருகிறது. ஆறு பேரோ அதற்கு மேலோ கொண்ட குழு, உரிமையாளரின் அனுமதி பெறாமல் குடிலில் தங்கவோ அதன் அருகே கூடாரம் அடிக்கவோ கூடாது என்பது அவற்றின் நெறிமுறை. கழகங்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். இன்வெரியில் விடுதியோ முகாம் இடமோ முன்பதிவு செய்துவிட்டால் இந்தச் சிக்கலே எழாது. 2003-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்புடன் நடப்பவர்களுக்கு மலைகளில் செல்லும் உரிமையைத் தருகிறது. என்றாலும் இலையுதிர் காலத்தில் மான் வேட்டை நடக்கும் சரிவுகள் எவை என்று முன்னரே கேட்டறிந்து விலகிச் செல்வது அந்தப் பொறுப்பில் அடங்கும்.

பருவத்தைப் பொறுத்தவரை மே மாதமே என் தேர்வு. பகல் நீண்டிருக்கும், மிட்ஜ் எனப்படும் கொசு போன்ற கடிக்கும் சிறு பூச்சிகள் இன்னும் பெருகியிருக்கமாட்டா. கோடையில் காற்றில்லாத ஈரமான மாலைகளில் அவை படுத்தும் பாட்டுக்குத் தலையையும் முகத்தையும் மூடும் வலை ஒன்றே விடை. உண்ணிகள் லைம் நோயைப் பரப்பக்கூடியவை என்பதால் ஒவ்வொரு மாலையும் உடலைச் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஆறு டிகிரிக்கும் சற்று அதிகமாக வெப்பநிலை குறையும். கரையில் 12 டிகிரி என்றால் லார்வென் உச்சியில் ஆறு டிகிரிக்கும் கீழே இருக்கும். காற்றும் ஈரமும் சேரும்போது உடல் உணரும் குளிர் இன்னும் கடுமையானது. ஒவ்வொருவரும் மழையாடை, கூடுதல் கம்பளியாடை, தலைவிளக்கு, ஊதல் ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். குழுவுக்குப் பொதுவாக, பலர் உள்ளே அமரக்கூடிய அவசரக் கூடார உறையும் முதலுதவிப் பையும் தேவை. குழுவை இரண்டாகப் பிரித்தால் இவை இரண்டிரண்டாக வேண்டும். வரைபடமும் திசைகாட்டியும் பயன்படுத்தத் தெரிந்தவர் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். நடையின் வேகத்தை முன்னால் செல்பவர் அன்று, மெதுவாக நடப்பவரே தீர்மானிக்க வேண்டும்.

கைபேசிச் சமிக்ஞை பல பள்ளத்தாக்குகளில் கிடைப்பதில்லை. கிடைக்கும் இடத்தில் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்து முதலில் காவல்துறையையும், அவர்களிடம் மலை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். கிடைக்காத இடத்தில், ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதலை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊத வேண்டும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றைக் கழகமே வாங்கி வைத்திருப்பது வீண் செலவாகாது.

இவ்வளவுக்குப் பிறகும், பயணத்தில் கலந்துகொள்ளாத ஒருவரிடம் வழித்தடம், பெயர்ப் பட்டியல், தங்கும் இடம், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் காவல்துறையை அழைக்க வேண்டும் என்ற விவரம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்துவிட்டே ரயில் ஏற வேண்டும். படகு ஓடாமல் இன்வெரியில் தங்க நேர்ந்தால் அவருக்கு எப்படித் தெரிவிப்பது என்பதையும் அதே தாளில் குறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் விடுதியில் தேநீர் அருந்திக்கொண்டிருப்பவர்களைத் தேடித் தன்னார்வ மீட்புக் குழுவினர் இரவில் மலையேறும் நிலை வரும்.