டெத் நோட்டையும் மான்ஸ்டரையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி

நீதி பற்றியும், எதற்கும் அர்த்தமில்லை என்னும் நிகிலிசம் பற்றியும் அனிமே என்னும் ஜப்பானிய அனிமேஷனில் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு தொடர்களைச் சொல்வேன்: 2006இல் வந்த டெத் நோட், 2004இல் தொடங்கிய மான்ஸ்டர். இரண்டுமே மேட்ஹவுஸ் ஸ்டூடியோவின் தயாரிப்புகள். மான்ஸ்டர் 74 எபிசோடுகள் என்று மலைக்க வேண்டாம். முதலில் ஒவ்வொன்றிலும் இரண்டே எபிசோடுகள் போதும்.

டெத் நோட், யார் பெயரை எழுதினாலும் அவரைக் கொன்றுவிடும் நோட்டு ஒன்று கையில் கிடைத்த லைட் யாகமி என்ற மாணவனின் கதை. அதைப் பார்க்கும்போது, குற்றவாளிகளை ஒழித்து நீதி செய்கிறேன் என்னும் அவன் பேச்சை விட்டுவிடுங்கள். அவன் யாரைக் கொல்கிறான் என்பதை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில், குழந்தைகளைப் பிணையாகப் பிடித்தவன். அடுத்து, தெருவில் ஒரு பெண்ணிடம் வம்பு செய்பவன். குற்றத்தின் அளவு அதற்குள் எவ்வளவு இறங்கிவிட்டது, பாருங்கள். இரண்டாம் எபிசோடில் லிண்ட் எல். டெய்லர் என்பவன் துப்பறிவாளனாகத் தொலைக்காட்சியில் தோன்றி, கிரா (முகம் தெரியாத அந்தக் கொலையாளிக்கு மக்கள் வைத்த பெயர்) செய்வது தீமை என்கிறான். அவன் மரண தண்டனைக் கைதி என்பது லைட்டுக்குத் தெரியாது. தன்னை எதிர்த்துப் பேசினான், அவ்வளவுதான், பெயரை எழுதிவிடுகிறான். முதல் முறை பார்த்தபோது லைட் பிடிபட்டுவிடுவானோ என்ற பதற்றத்தில் இதை நான் கவனிக்கவே இல்லை. மறுமுறை பார்த்தபோது, டெய்லர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரியும் இடத்தில் நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் லைட்டின் பக்கம் நின்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மரண தேவன் ரியூக்கையும் ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள்: பொழுது போகாமல் நோட்டைக் கீழே போட்டவன்.

பிறகு மான்ஸ்டர். மூளை அறுவை மருத்துவர் டாக்டர் டென்மா மருத்துவமனை மேலிடத்து உத்தரவின்படி ஒரு பாடகருக்கு அறுவை சிகிச்சை செய்கிறார். அந்தப் பாடகருக்கு முன்பே கொண்டுவரப்பட்ட துருக்கியத் தொழிலாளி இறந்துபோகிறார். அந்தத் தொழிலாளியின் மனைவி மருத்துவமனையிலேயே டென்மாவை அடித்து அழுகிறாள். இந்தக் காட்சியை அவசரப்படாமல் பாருங்கள். பின்னால் மேலிடம் சொன்ன மேயரை விட்டுவிட்டு, முன்பே கொண்டுவரப்பட்ட சிறுவன் யோஹானைக் காப்பாற்றும் துணிச்சல் டென்மாவுக்கு இங்கிருந்துதான் வருகிறது என்பது என் முடிவு.

அதோடு அவரைப் புனிதராக்கிவிடாதீர்கள். மேயரைக் கைவிட்டதற்காகப் பதவி பறிபோன ஆத்திரத்தில், மயங்கிக் கிடக்கும் அந்தச் சிறுவனின் படுக்கையருகே நின்று, மருத்துவமனை இயக்குநர் செத்தால்தான் நல்லது என்று அவரும் சொல்கிறார். சொன்னபடியே நடந்தும் விடுகிறது. அதை நிறைவேற்றியது யார் என்று ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தெரியவரும்போது டென்மா என்ன செய்கிறார் என்பதற்காகத்தான் மீதி எபிசோடுகளைப் பார்க்கச் சொல்கிறேன். மனிதர்கள் சமமாவது மரணத்தில் மட்டுமே என்பது யோஹானின் எண்ணம். எல்லா உயிரும் சமம் என்பது டென்மாவின் நம்பிக்கை. கதை முழுவதும் இந்த இரண்டும்தான் மோதிக்கொள்கின்றன.

இவ்வளவும் பார்த்த பின் டெய்லர் காட்சிக்கு ஒருமுறை திரும்பிப் போங்கள். சாகவேண்டியவரின் முகத்தை மனத்தில் வைத்து எழுதினால்தான் பலிக்கும் என்பது அந்த நோட்டின் விதி. லைட்டுக்குக் கிடைத்தது திரையில் தெரிந்த முகம். டென்மாவின் எதிரே வந்து நின்றது அந்த மனைவியின் முகம்.